மாட்ஜ் சயர்ஸ் அம்மையார்

தோற்றுவாய்

உலகில் விதிகள் இருவகைப்படும். ஏட்டில் எழுதிவைத்த விதி ஒன்று. எழுதாமலே எல்லாரும் உடன்பட்டு ஒழுகும் விதி மற்றொன்று. எழுதிய விதியை எதிர்த்து நின்றாருடைய வரலாறுகளை நாம் நிரம்பக் கேட்டிருக்கிறோம். எழுதாத விதியோ அத்தகையதன்று. யாரேனும் ஒருவர் முன்வந்து அதனைக் கடந்து காட்டும்வரையில், அப்படி ஒரு விதி இருந்ததென்பதையே உலகம் உணர்வதில்லை. அங்ஙனம் கடந்து காட்டியவர்களுள் ஒருவர், இங்கிலாந்து தேசத்திலே தோன்றி, முப்பத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த மாட்ஜ் சயர்ஸ் அம்மையார். இவர் மேடை ஏறி முழங்கினாரென்றோ, சட்டசபையின் வாயிலில் நின்று வழக்காடினாரென்றோ வரலாறு கூறவில்லை. உறைந்த பனிக்கட்டியின்மீது சறுக்கி ஆடும் ஆட்டத்திலே, ஆடவர்க்கே உரியதென்று எல்லாரும் எண்ணியிருந்த உலகப் போட்டியிலே, பெண்ணொருத்தியாகத் தனித்து நின்று ஆடினார். அவ்வொரு செயலினின்றும் விளைந்த விளைவுகள் பல. அவற்றை ஒருவாறு தொகுத்துரைப்பதே நம் கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் இயல்பு

வெப்பநாட்டில் வாழும் நம்மில் பெரும்பாலார் குளமும் ஆறும் உறைந்து கல்லாகிக் கிடத்தலைக் கண்ணாற் கண்டதில்லை. ஆதலின் இவ்வாட்டத்தின் இயல்பை முதற்கண் சிறிது விளக்குதல் வேண்டும்.

ஆடுவோர் அடியில் எஃகு அலகு பொருத்திய காலணியை அணிவர். அவ்வலகின் அடிப்புறம் நடுவே சிறிது குழிந்திருக்கும். அதனால் ஓர் அலகுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டு. உடலை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு விளிம்பு மட்டுமே பனிக்கட்டியில் பதியும். ஆடுவோர் வளைந்து செல்வர். எந்த விளிம்பு, எந்தக் கால், முன்னோக்கியா பின்னோக்கியா என்னும் இவற்றின் வேறுபாட்டால் எண்ணிறந்த வடிவங்கள் பிறக்கின்றன. நேர்கோட்டில் விரைந்தோடும் பந்தயம் வேறு. வடிவமிட்டு ஆடும் இவ்வாட்டம் வேறு.

அக்காலத்துப் போட்டிகள் இருபகுதியாய் நடந்தன. முதற்பகுதி விதித்த வடிவங்களை இடுதல். ஆங்கில எண் எட்டின் வடிவம் போன்ற வட்டங்களையும், அவ்வட்டத்திற்குள் திருப்பங்களையும் கண்ணிகளையும் ஒற்றைக் காலால் பனிக்கட்டியின்மீது வரைதல் வேண்டும். ஒருமுறை வரைந்தாற் போதாது; முதலில் இட்ட கோட்டின்மீதே மீண்டும் மீண்டும் வழுவாது செல்லல் வேண்டும். ஆடியவர் அகன்றபின் நடுவர்கள் அருகிற் சென்று, குனிந்து நின்று, பனிக்கட்டியிற் கிடக்கும் கீற்றை ஆராய்வர். இரண்டாம் பகுதி விருப்ப ஆட்டம். அதில் ஆடுவோர் இசைக்கேற்பத் தாம் கற்ற சுழற்சி, தாவல், நடை முதலியவற்றைத் தம் விருப்பம்போற் கோத்து ஆடிக் காட்டுவர். இவ்விரண்டில் வடிவமிடுதலே அன்று மிகுதியாக மதிக்கப்பட்டது. நெடுங்காலம் இருந்த அவ்வழக்கம், 1990-க்குப் பின்னர்ப் பெரும்போட்டிகளினின்றும் நீக்கப்பட்டது.

வடிவமிடுதலைப்பற்றி இவ்வளவு விரித்தற்கு ஒரு காரணம் உண்டு. பனிக்கட்டியிற் பதிந்த கீற்றைப் பார்ப்பவன், அது செவ்விதா வழுவிற்றா என்று கூறலாம். இட்டது ஆண்மகனின் காலா பெண்மகளின் காலா என்று கூறவொண்ணாது. இவ்வுண்மையை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னே வரும் வழக்கிற்கெல்லாம் இதுவே சான்று.

இருவேறு நெறிகள்

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அன்று. அதற்கும் முந்திய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்வாட்டத்தில் இருவேறு நெறிகள் கிளைத்துவிட்டன. ஒன்று ஆங்கில நெறி. அந்நெறியிலே உடல் கம்பம்போல் நிமிர்ந்து நிற்கும். கைகள் விலாவை ஒட்டியிருக்கும். தாங்கும் கால் மடங்காது. பனிக்கட்டியின் நடுவே ஓர் ஆரஞ்சுப்பழத்தை வைத்து, அதனை மையமாகக் கொண்டு பலர் கூடி, ஒருவர் ஏவும் குரலுக்கு ஏற்பப் பெரிய பெரிய வளைவுகளை ஒருங்கே இடுவர். ஒழுங்கும் அடக்கமும் அதன் சிறப்பு; உள்ளக் கிளர்ச்சிக்கு அங்கே இடமில்லை.

மற்றொன்று சர்வதேச நெறி எனப்பட்டது. இதற்கு வித்திட்டவர் அமெரிக்கராகிய ஜாக்சன் ஹேன்ஸ் என்பார். பாலே நடனம் பயின்ற இவர், அந்நடனத்தின் நெளிவையும் இசையின் ஓட்டத்தையும் பனிக்கட்டியின்மீது கொணர்ந்தார். தாய்நாட்டார் அதனைப் போற்றவில்லை. 1860-களில் ஐரோப்பா சென்றார். வால்ட்ஸ் இசையில் மூழ்கியிருந்த வியன்னா நகரத்தார் அவரைக் கொண்டாடினர். அவர் 1875-இல் பின்லாந்து நாட்டிலே இறந்தார். அவர் நட்ட நெறியோ தழைத்து, ஐரோப்பியப் பெருநிலமெங்கும் பரவியது.

1892-இல் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரை ஒட்டிய கடற்கரைப் பகுதியாகிய ஸ்கெவெனிங்கனில் சர்வதேசச் சறுக்காட்டச் சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் ஆதரவில் முதல் உலகப் போட்டி 1896-இல் ருஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடைபெற்றது. ஜெர்மானியராகிய கில்பர்ட் பூக்ஸ் அதில் முதல்வரானார். அதுமுதல் ஆண்டுதோறும் போட்டி நடந்தது. ஆடியவர் அனைவரும் ஆடவரே.

பிறப்பும் பயிற்சியும்

மாட்ஜ் அம்மையார் 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிளாரன்ஸ் மேடலின் கேவ் என்பது. தந்தையார் எட்வர்ட் ஜார்விஸ் கேவ் கட்டடத் தொழில் நடத்தியவர். அவருடைய மக்கள் பதினைவருள் மாட்ஜ் ஒருவர். இளமையிலேயே நீந்துவதிலும் குதிரையேற்றத்திலும் வல்லவராய் விளங்கிய இவரைப் பனிக்கட்டி ஆட்டம் பெரிதும் ஈர்த்தது.

லண்டனிலே குளங்கள் உறையும் நாட்கள் சிலவே. ஆயின் 1896-இல் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் பிரின்ஸ் சறுக்காட்டக் கழகம் திறக்கப்பட்டது. கட்டடத்திற்குள்ளே பொறிகளின் உதவியால் நீரை உறையச்செய்த ஆடரங்கு அது. வானத்தின் தயவை நோக்கிக் காத்திராமல் நாடோறும் பயிலத்தக்க இடம் கிடைத்தது. நகரத்துச் செல்வர் பொழுதுபோக்கிற்காகக் கூடிய அவ்விடத்தை மாட்ஜ் தம் பள்ளிக்கூடமாகக் கொண்டார்.

அக்காலத்திலே, 1899-இல், எட்கர் சயர்ஸ் என்பாருடைய நட்பு இவருக்கு வாய்த்தது. எட்கர் 1863-இல் பிறந்தவர். மாட்ஜைவிடப் பதினெட்டு ஆண்டு மூத்தவர். அதே 1899-இல் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் மூன்றாமிடம் பெற்ற ஆட்டக்காரர். இங்கிலாந்தில் சர்வதேச நெறியை ஆதரித்த மிகச் சிலருள் இவர் ஒருவர். ஆங்கில நெறியின் விறைப்பை விட்டுவிடுமாறு இவர் மாட்ஜுக்கு எடுத்துரைத்துப் புதுநெறியைப் பயிற்றினார். கற்றதைக் கைவிட்டுப் புதியதைக் கற்றல் எளிதன்று என்பது கல்வித்துறையில் நிற்கும் நமக்குத் தெரியாததன்று. மாட்ஜ் அதனை விரைவிற் செய்து முடித்தார். 1900-ஆம் ஆண்டில் இருவரும் மணம்புரிந்துகொண்டனர். அவ்வாண்டிலேயே பெர்லின் நகரில் ஆணும் பெண்ணுமாய்ச் சேர்ந்தாடும் இணை ஆட்டப் போட்டியிற் கலந்து இரண்டாமிடம் பெற்றனர்.

1902-ஆம் ஆண்டுப் போட்டி

1902-ஆம் ஆண்டுக்கு உரிய உலகப் போட்டி லண்டனில் நடப்பதாயிற்று. அதற்குப் பெயர் கொடுத்தோருள் மாட்ஜ் சயர்ஸ் என்னும் பெயரும் காணப்பட்டது. போட்டியை நடத்தியோர் விதிநூலைப் புரட்டினர். பெண்கள் ஆடலாம் என்றும் அதில் இல்லை. ஆடலாகாது என்றும் இல்லை. பெண்ணொருத்தி இப்போட்டிக்கு வரக்கூடும் என்னும் எண்ணமே விதி வகுத்தாருக்குத் தோன்றவில்லையாதலின், அவளை விலக்கும் சொல்லையும் அவர்கள் எழுதவில்லை. மறுக்க விதியின்மையால் அம்மையாரை ஏற்றுக்கொண்டனர்.

அப்பொழுது அவருக்கு வயது இருபது. நம் கல்லூரி மாணவர் பலருடைய வயதே. எதிர்நின்றவர் யாரெனில், சுவீடன் தேசத்து உல்ரிக் சால்கோ. முந்திய ஆண்டில் உலக முதன்மை பெற்றவர்; பின்னும் பெறவிருந்தவர். 1901 முதல் 1905 வரையும், 1907 முதல் 1911 வரையும் ஆகப் பத்துமுறை உலக முதல்வரானவர் அவர். அவரோடு ஜெர்மானியராகிய மார்ட்டின் கோர்டனும், இங்கிலாந்தின் சார்பில் ஹொரேஷியோ டொரோமேயும் நின்றனர். ஆடவர் மூவர், பெண் ஒருவர்.

நடுவர்கள் தீர்ப்புரைத்தபோது சால்கோ முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் மாட்ஜ் சயர்ஸ் அம்மையாருக்கு. கோர்டன் மூன்றாமவர், டொரோமே நான்காமவர். முதலிடத்திற்கு அம்மையாரே உரியவர் என்று சால்கோ கருதித் தம் பொற்பதக்கத்தை அவருக்கு அளிக்க முன்வந்தார் என்று ஒரு செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது. அச்செய்தியை நாம் பெரிதாக்க வேண்டுவதில்லை. ஒருவர் இரக்கத்தால் வழங்கும் முதலிடத்தைக் காட்டிலும், நடுவர்கள் ஆராய்ந்து வழங்கிய இரண்டாமிடமே அம்மையாரின் பெருமைக்குத் தக்க சான்றாகும். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்க்கு அடுத்து நின்றார் ஒரு பெண். பனிக்கட்டியிற் கிடந்த கீற்று அதனைச் சொல்லிற்று.

அடைக்கப்பட்ட கதவு

இவ்வெற்றியின் பயன் யாதாயிற்று? போற்றியோர் பலர் இருந்திருக்கலாம். ஆனால் 1903-இல் கூடிய சங்கத்தின் பேரவை, விதிநூலில் இருந்த வெற்றிடத்தை நிரப்பிற்று. உலகப் போட்டியிற் பெண்கள் கலத்தல் கூடாதென்று தடை விதித்தது. எழுதாத விதியாய் இருந்தது எழுதிய விதியாயிற்று.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று என்பர். பெண்களின் நீண்ட பாவாடை அடிகளை மறைத்துவிடுதலால் நடுவர்கள் கால்களின் இயக்கத்தைக் காண இயலாது என்பது முதலாவது. நடுவர் ஒருவர் தாம் அன்பு பூண்ட பெண்ணுக்கே தீர்ப்புச் சொல்ல நேரலாம் என்பது இரண்டாவது. ஆடவர் ஆட்டத்தோடு பெண்டிர் ஆட்டத்தை ஒப்பிடுதல் அரிது என்பது மூன்றாவது.

இக்காரணங்களைச் சிறிது ஆராய்வோம். முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு. அக்காலத்துப் பெண்களின் பாவாடை தரையைத் தொட்டுப் புரண்டது. ஆயின் அது துணியின் குற்றமேயன்றித் திறமையின் குற்றமன்று. துணியின் குற்றத்தைக் கத்தரிக்கோல் நீக்கிவிடும். அம்மையார் செய்ததும் அதுவே. கணுக்கால் வரையிலும் மறைத்த பாவாடையை விடுத்துக் கெண்டைக்கால் அளவில் நிற்கும் பாவாடையை அணிந்து ஆடலானார். அன்றைய சமுதாயத்தில் அது சிறு செயலன்று. பின்வந்த மகளிர் அவ்வழியையே பின்பற்றினர்.

இரண்டாவது காரணம் வியப்புக்குரியது. நடுவரின் நெஞ்சு நடுநிலை பிறழக்கூடுமென்றால், குற்றம் நடுவருடையது. குற்றமுடையவரை இருக்கையில் அமரவைத்துக் குற்றமற்றவரை அரங்கத்தினின்றும் வெளியேற்றுதல் எந்நீதியின்பாற்படும்? மேலும், தம் நாட்டான் என்றும் தம் நண்பன் என்றும் ஆடவரிடத்தும் நடுவர்க்குப் பற்றுண்டாதல் இயல்பே. அப்பற்றைக் கருதி ஆடவரை யாரும் விலக்கினாரில்லை.

மூன்றாவது காரணத்திற்கு நாம் முன்னரே விடை கூறிவிட்டோம். கோடு கோடே, வட்டம் வட்டமே. 1902-இல் நடுவர்கள் நால்வரையும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தினர். ஒப்பிடல் அரிதென்று கூறுதற்கு ஓராண்டு முன்னே ஒப்பிட்டு முடித்தாயிற்று. அவ்வொப்பீட்டின் முடிவு உவப்பளிக்கவில்லை போலும் என்று எண்ணவே நமக்கு இடம் உண்டாகிறது.

இங்கிலாந்தின் முதன்மை

உலகப் போட்டியின் கதவு அடைபட்டபோதும் தாய்நாட்டின் கதவு திறந்தே இருந்தது. 1903-இல் இங்கிலாந்தில் தேசிய முதன்மைப் போட்டி முதன்முதலாக நடந்தது. அதில் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே ஆடலாம். அம்மையார் ஆடினார், டொரோமே முதலியோரை வென்று முதலிடம் பெற்றார். மறு ஆண்டு, 1904-இல், மீண்டும் முதலிடம் அவருக்கே. அம்முறை அவரிடம் தோற்று இரண்டாமிடத்தில் நின்றவர் வேறொருவரல்லர். அவருடைய கணவரும் ஆசிரியருமாகிய எட்கர் சயர்ஸே.

தம்மாற் கற்பிக்கப்பட்ட மாணவர் தம்மை வெல்லுதலே ஆசிரியர்க்குப் பெரும் பரிசென்பது ஆன்றோர் கொள்கை. மனைவியைத் தமக்கு அடங்கியவளாகவே வைத்திருத்தல் கணவனின் உரிமையென்று பலரும் எண்ணிய நாளிலே, தம்மினும் மேம்பட்டு விளங்கும் அளவிற்கு மனைவியைப் பயிற்றி, அவரோடு ஒரே போட்டியில் நின்று தோல்வியையும் ஏற்ற எட்கருடைய பெருந்தன்மை மறக்கற்பாலதன்று. அம்மையாரின் வரலாற்றை எழுதுவோர் இவரை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுதல் தகாது.

தனி வாயில்

தடை விதித்த சங்கம் நெடுநாள் அத்தடையோடு அமைந்திருக்க முடியவில்லை. உலகத்தில் இரண்டாமிடம் பெற்ற ஒருவரை, ஒரு நாட்டின் முதன்மையை இருமுறை கைக்கொண்ட ஒருவரை, ஆடற்கு இடமின்றி நிறுத்திவைத்தல் யாருக்கும் அழகாகத் தோன்றவில்லை. 1905-இல் கூடிய பேரவை மகளிர்க்கெனத் தனிப்போட்டி ஒன்றை ஏற்படுத்தியது. முதற்போட்டி 1906-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் டாவோஸ் நகரில் நடைபெற்றது. மாட்ஜ் அம்மையார் முதல்வராயினார். ஆஸ்திரியாவின் ஜென்னி ஹெர்ஸ் இரண்டாமிடமும், ஹங்கேரியின் லிலி குரோன்பெர்கர் மூன்றாமிடமும் பெற்றனர். 1907-இல் வியன்னாவில் நடந்த போட்டியிலும் அம்மூவரே அம்முறையே நின்றனர்.

ஆனால் இங்கும் ஒரு வேறுபாடு காண்கிறோம். ஆடவர் போட்டியில் வென்றவர் உலக முதல்வர் எனப்பட்டார். மகளிர் போட்டியில் வென்றவர்க்கு அப்பெயரில்லை. சங்கத்தின் முதல்வர் என்ற பெயரே வழங்கப்பட்டது. உலகத்தைச் சங்கம் பெண்களுக்குக் கொடுக்கவில்லை. தன்னை மட்டுமே கொடுத்தது. பல ஆண்டுகள் கழிந்தபின்னரே அப்போட்டிகளும் உலகப் போட்டிகளாக மதிக்கப்பட்டு, அம்மையார் 1906-இலும் 1907-இலும் உலக முதல்வராய் இருந்தார் என்று ஏட்டிற் பொறிக்கப்பட்டது.

இத்தனி வாயில் அம்மையாருக்கு வெற்றியா, தோல்வியா? இவ்வினாவை நாமும் நம் நண்பர்களும் கூடிப் பேசியதுண்டு. தோல்வியே என்பார் கூறுவது இது: ஆடவரோடு ஒத்த அரங்கில் ஒத்த அளவுகோலால் அளக்கப்பட்ட ஒருவர், அவ்வளவுகோல் இனி உமக்கில்லை என்று விலக்கப்பட்டார், சால்கோவை வெல்லும் வாய்ப்பு உலகப் போட்டியில் அவருக்கு மீண்டும் கிட்டவேயில்லை. வெற்றியே என்பார் கூறுவது வேறு: பெண்ணொருத்தி ஆடவர் நடுவே தனித்து நின்றதற்கு மாறாக, பல நாட்டுப் பெண்கள் ஒருங்கே கூடி ஆடும் அரங்கம் ஒன்று தோன்றிற்று, ஒருவர் பெறவிருந்த பரிசைக் காட்டிலும் பலர் நுழையத்தக்க வாயில் பெரிது.

இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. நாம் துணிவது இதுவே. அம்மையாருக்கு அது இழப்பு. அவருக்குப் பின்வந்தாருக்கு அது ஆக்கம். தமக்கு நேர்ந்த இழப்பினின்றும் பிறர்க்கு ஆக்கம் விளைதல் பெரியோர் வாழ்வில் பன்முறை நிகழ்வதே. ஆயினும் ஆக்கத்தைக் கண்டு மகிழும் நாம், இழப்பு இழப்பே என்பதை மறைத்துப் பேசுதல் நன்றன்று.

ஒலிம்பிக் வெற்றி

1908-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் லண்டனில் நிகழ்ந்தன. ஒலிம்பிக் வரலாற்றில் வடிவச் சறுக்காட்டம் இடம்பெற்றது அதுவே முதன்முறை. குளிர்காலத்துக்கெனத் தனி ஒலிம்பிக் பந்தயம் அக்காலத்தில் இல்லை. 1924-இல் பிரான்ஸ் நாட்டின் சமோனி நகரிலேதான் அது தொடங்கிற்று. ஆகவே ஓட்டமும் நீச்சலும் முடிந்து பல வாரங்கள் கழிந்தபின், அக்டோபர் மாதம் 28, 29 ஆகிய நாட்களில், அம்மையார் இளமை முதற் பயின்ற அதே பிரின்ஸ் கழகத்தின் ஆடரங்கிலே இப்போட்டி நடைபெற்றது.

மகளிர் போட்டியில் நின்றவர் ஐவர். நடுவரும் ஐவர். ஐந்து நடுவரும் ஒருமுகமாக அம்மையாரையே முதலில் வைத்தனர். ஜெர்மனியின் எல்சா ரெண்ட்ஷ்மிட் இரண்டாமிடமும், இங்கிலாந்தின் டாரதி கிரீனோ ஸ்மித் மூன்றாமிடமும் எய்தினர். இவ்வாறு ஒலிம்பிக் சறுக்காட்டத்திற் பொற்பதக்கம் பெற்ற முதற்பெண்மணியானார் மாட்ஜ் சயர்ஸ். ஆடவர் போட்டியிற் பொற்பதக்கம் பெற்றவர் அவருடைய பழைய எதிராளியாகிய சால்கோவே. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரே பட்டியலில் முதலிரண்டு இடங்களில் நின்ற இருவரும் இப்பொழுது இரு பட்டியல்களில் முதலிடத்தில் நின்றனர்.

இணை ஆட்டத்திலும் அம்மையார் கணவரோடு கலந்து மூன்றாமிடம் பெற்றார். ஜெர்மனியின் அன்னா ஹூப்ளர், ஹைன்ரிக் பர்கர் இணையர் முதலிடமும், இங்கிலாந்தின் ஜான்சன் தம்பதியர் இரண்டாமிடமும் பெற்றனர். அவ்வாட்டத்தில் நின்றவர் மூன்று இணையரே என்பதையும் உண்மை கருதிக் கூறிவிடுகிறோம்.

இறுதி நாட்கள்

புகழின் உச்சியில் நின்றபோதே உடல்நலம் குன்றத் தொடங்கிற்று. அம்மையார் போட்டிகளினின்றும் விலகினார். ஆடரங்கை விட்டபின்னும் கலையை விட்டாரில்லை. கணவரோடு கூடிக் குளிர்கால விளையாட்டுக்களைப்பற்றி ஒரு நூல் 1908-இல் வெளியிட்டிருந்தார். சர்வதேச நெறியிற் சறுக்கியாடும் கலையைப்பற்றி மற்றொரு நூல் 1913-இல் வெளிவந்தது. காலாற் பனிக்கட்டியில் எழுதியது மறுநாளே அழிந்துபோம். கையால் ஏட்டில் எழுதியது நிற்கும் என்பதை அவர் உணர்ந்தார் போலும்.

1914-இல் மூண்ட பெரும்போர் ஐரோப்பாவின் ஆட்டங்களையெல்லாம் நிறுத்திற்று. ஒரே அரங்கிற் கூடி ஆடிய நாடுகள் எதிரெதிர் நின்று போரிட்டன. அப்போர் முடியுமுன்னே, 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ஆம் நாள், சர்ரே மாவட்டத்து வேபிரிட்ஜ் என்னுமிடத்தில், இதயத்தைப் பற்றிய கடுநோயால் அம்மையார் காலமானார். முப்பத்தாறாம் பிறந்தநாளுக்கு ஒருவாரமே எஞ்சியிருந்தது. அவர் பயின்றதும் ஒலிம்பிக் பொன் பெற்றதுமாகிய பிரின்ஸ் கழகத்தின் ஆடரங்கும் அதே 1917-இல் மூடப்பட்டது. பனிக்கட்டி உருகிற்று, அதன்மீது எழுதப்பட்ட கோடுகளும் உடன் மறைந்தன.

முடிவுரை

மறைந்தது கோடு, மறையாதது வழி. அம்மையார் விலகிய 1908-ஆம் ஆண்டு முதல் நான்காண்டு, முன்னர் அவருக்கு மூன்றாமவராய் நின்ற லிலி குரோன்பெர்கர் மகளிர் முதன்மையைத் தாங்கினார். பின்னர் நார்வே நாட்டுச் சோன்யா ஹெனி தோன்றி, 1927 முதல் 1936 வரை பத்துமுறை உலக முதல்வரானார்; 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலும் பொற்பதக்கம் பெற்றார். சால்கோ பெற்ற பத்துக்கு ஒரு பெண் பெற்ற பத்து நிகராயிற்று. சால்கோ 1949-இல் மறைந்தார். உலகச் சறுக்காட்டப் புகழ்மண்டபத்தில் மாட்ஜ் அம்மையாரின் பெயர் 1981-இல் சேர்க்கப்பட்டது.

இன்னும் ஒரு செய்தி கூறி முடிப்போம். சால்கோ கண்ட தாவல் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு காலின் உள்விளிம்பில் பின்னோக்கிச் சென்று, எழும்பி, காற்றிலே சுழன்று, மறு காலில் இறங்குவது அது. அவர் காலத்தில் ஒரு சுற்றே சுற்றினர். 2002-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஹேக் நகரில் நடந்த இளையோர் போட்டியொன்றில், ஜப்பான் நாட்டு மிக்கி ஆண்டோ என்னும் பதினான்கு வயதுச் சிறுமி, அச்சால்கோத் தாவலை நான்கு சுற்றுச் சுற்றி இறங்கினாள். போட்டியில் நான்கு சுற்றுத் தாவலை நிகழ்த்திய முதற்பெண் அவளே. சங்கம் பிறந்த ஊரிலே, மாட்ஜ் அம்மையார் சால்கோவின் எதிர் நின்ற ஆண்டினின்றும் சரியாக நூறாம் ஆண்டிலே, சால்கோவின் பெயர் தாங்கிய தாவலை, அவர் கனவிலும் எண்ணியிராத அளவில் ஒரு பெண் செய்து காட்டினாள். ஒப்பிடல் அரிதென்று கூறியோர்க்கு இதனினும் வேறு மறுமொழி வேண்டுமோ?

அம்மையார் வாழ்வினின்றும் நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? கதவு திறந்திருக்கிறதா என்று வினவிக்கொண்டு வெளியே நிற்பார் பலர். தள்ளிப் பார்ப்பார் சிலர். தள்ளிப் பார்த்ததனால் அது தாழிடப்பட்டதாயினும், அங்கே ஒரு கதவு இருந்ததென்று உலகம் அறிந்துகொண்டது. அறிந்தபின் அதனை என்றும் அடைத்து வைத்திருக்க யாராலும் இயலவில்லை. அவ்வறிவை உலகிற்கு ஈந்தவர் இருபது வயது நிரம்பிய ஓர் இளம்பெண். அவ்வயதினராகிய நாமும் நம் நாளில் எழுதாத விதிகள் எவையெவை என்று ஆராய்தல் தகும். விதிநூல் வாய்மூடி நிற்குமிடத்தில் நம் திறமை வாய்திறந்து பேசுக.